பதில் வராத அறைக்கு என்ன எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

பட்டாசு ஆலையின் ஆள் கணக்குக்காக நீ எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய். வைத்த கையோடு மறந்துபோவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். திருத்திய கோப்பைத் தனியாக மெயிலில் போட்டிருக்கிறேன். அதை அப்படியே எடுத்து ஓட்டிவிடாதே. முதலில் இதைப் படி.

நல்லதைச் சொல்லிவிட்டே சண்டைக்கு வருகிறேன். காலையில் வேன் வந்ததும் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, ஷெட் ஷெட்டாக எத்தனை பேர் என்று போர்மேன் சீட்டில் எழுதி அனுப்ப, கேட் ஆபீஸில் கணக்குப்பிள்ளை அதைக் கணினியில் ஏற்றுவது என்பது நல்ல யோசனை. காலையில் எடுத்த கணக்கு மதியம் செல்லாது, சரவெடிப் பக்கம் ஆள் பத்தவில்லை என்று பேக்கிங்கிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பதை நீ யோசித்து வைத்திருக்கிறாய். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிற எனக்கு அது தோன்றியிருக்காது.

என் சண்டை எல்லாம் ஒரே ஒரு வரியோடுதான். 30 நொடிக்குள் யாரும் எதுவும் அடிக்காவிட்டால், அந்த ஷெட்டுக்கு நேராக 0 என்று எழுதிவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போகிறது உன் நிரல்.

ஏன் அப்படி எழுதினாய் என்று புரிகிறது. கணக்குப்பிள்ளை லாரிக்காரரைப் பார்க்க எழுந்து போனார், ஸ்கிரிப்ட் ஏழாம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது, மதியக் கணக்கு சாயங்காலம் வரை போய்ச் சேரவில்லை. நிற்கக் கூடாது என்பதற்காக டைம் அவுட் வைத்தாய். அது சரி. ஆனால் பதில் வரவில்லை என்பது ஒரு செய்தி. உள்ளே யாரும் இல்லை என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒரே எண்ணால் எழுதிவிட்டால், பின்னால் அந்தக் கோப்பைத் திறக்கிற எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வேறு ஊராக இருந்தால் இதை இவ்வளவு இழுத்திருக்க மாட்டேன். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம் நம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். 30 பேருக்கு மேல் காயம். தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த மாதிரி நேரத்தில் கேட் வாசலில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதுதான். தீயணைப்புக்காரரும் அதைத்தான் கேட்பார், வயலிலிருந்து ஓடி வந்த புருஷனும் அதைத்தான் கேட்பார். அப்போது உன் கோப்பில் ஏழாம் ஷெட்டுக்கு நேராக 0 என்று இருந்தால், அந்தப் பக்கம் ஒருவரும் தேடிப் போக மாட்டார்கள். எதுவுமே எழுதாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, தெரியவில்லை என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

இனி நுட்பத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

உன் முதல் வடிவம் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தது. கையால் கட்டளை அடித்தபோது ஓடியது, கோப்பாகப் போட்டதும் டைம் அவுட்டுக்கான மைனஸ் டி என்ற ஆப்ஷனே கிடையாது என்று திட்டியது என்றாய். காரணம் சின்னது. உபுண்டுவில் 2006இலிருந்து முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்று எழுதினால் ஓடுவது பாஷ் இல்லை, டேஷ். டேஷின் ரீட் கட்டளைக்கு டைம் அவுட் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. நீ அதற்குள் கோபித்துக்கொண்டு பைத்தானுக்கு ஓடிவிட்டாய். ஆனாலும் பாஷ் இந்த விஷயத்தை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் போ, பைத்தானிலும் உதவும்.

பாஷில் ரீட் முடிந்ததும் ஒரு நிலை எண்ணைத் திருப்பித் தரும். வரி முழுசாக வந்தால் 0. உள்ளீடு முடிந்துவிட்டது, இனி எதுவும் வராது என்றால் 1. நேரம் கடந்துபோனால் 128க்கு மேல். பெரும்பாலும் 142 என்று பார்ப்பாய். 128உடன் அலாரம் சிக்னலின் எண்ணான 14ஐக் கூட்டியது அது. நம் ஆட்கள் "0 இல்லை என்றால் தவறு" என்று ஒரே கதவு வைத்துவிடுகிறார்கள். ஷெல் எழுதினவர்கள் மெனக்கெட்டுப் பிரித்துக் கொடுத்ததை நாம் திரும்பக் கலந்துவிடுகிறோம். இன்னொன்று: கணக்குப்பிள்ளை ஒன்றும் அடிக்காமல் வெறுமனே என்டரைத் தட்டினால் நிலை எண் 0, மாறி மட்டும் காலி. அதுவும் பதில் இல்லைதான், ஆனால் டைம் அவுட்டும் இல்லை. ஆள் இருக்கிறார், எண் தெரியவில்லை அல்லது கை தவறித் தட்டிவிட்டார்.

பைத்தானிலும் இதே பிரிவுகள் இருக்கின்றன, முகம்தான் வேறு. நீ பயன்படுத்துகிற ரீட்லைன் வெறும் என்டருக்கு ஒரு வரிமுறிவைத் தரும். உள்ளீடு முடிந்தால் ஒன்றுமே இல்லாத சரத்தைத் தரும். நீ இரண்டையும் ஸ்ட்ரிப் போட்டுத் துடைத்துவிட்டு, காலியாக இருந்தால் திரும்பக் கேள் என்று எழுதியிருக்கிறாய். யாராவது கன்ட்ரோல் டி தட்டினால் ஒருமுறைதான் கூடுதலாகக் கேட்கும், அது பரவாயில்லை. இணைப்பே போய்விட்டால் உள்ளீடு முடிந்தது முடிந்ததுதான். உன் சுழற்சி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், லாக் கோப்பு வீங்கி டிஸ்க் நிறையும். துடைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடு.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஏனென்றால் உன் கோப்பில் எட்டாம் ஷெட்டுக்குப் பதினான்கு பேர் என்று இருந்த அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இதில்தான் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை ஷெட் ஏழுக்கு 12 என்று அடிக்க வந்தார். 1 அடித்தார். வெளியே வேன் ஹாரன் அடித்தது, எழுந்துவிட்டார். 30 நொடி ஆனது, உன் நிரல் 0 எழுதிவிட்டு அடுத்த வரியில் "ஷெட் 8:" என்று கேட்டது. அவர் திரும்பி வந்து எட்டாம் ஷெட்டின் சீட்டைப் பார்த்து 4 அடித்து என்டர் தட்டினார். உன் நிரலுக்குப் போனது 4 இல்லை, 14.

அந்த 1 எங்கே இருந்தது? உன் நிரலுக்குள் இல்லை. என்டர் தட்டும்வரை அடித்ததை எல்லாம் லினக்ஸ் கர்னலின் டெர்மினல் பகுதி தானே வைத்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் தட்டினால் அழிவதுகூட அங்கேதான் நடக்கிறது. நிரல் பொறுமை இழந்து அடுத்த கேள்விக்குப் போனது கர்னலுக்குத் தெரியாது. அதன் கணக்கில் அது இன்னும் முடியாத ஒரே வரி. திரையில் 1 ஒரு வரியிலும் 4 அடுத்த வரியிலும் தெரிவதால், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

நல்லவேளை, எட்டாம் ஷெட் சின்ன அறை. கதவோரத்தில் எழுதியிருக்கிற ஆள் வரம்பைத் தாண்டியதால் உன் கண்ணில் பட்டது. இதே கோளாறு பேக்கிங் ஷெட்டில் நடந்திருந்தால் 14 என்பது நியாயமான எண், ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே மூன்று வேலை செய்திருக்கிறேன். நேரம் கடந்தால் டெர்மியோஸ் தொகுதியில் இருக்கிற டிசிஃப்ளஷ் போட்டு, அரைகுறையாக அடித்ததைக் கர்னலிலிருந்து துடைக்கிறேன். துடைத்ததைத் திரையில் சொல்கிறேன். சொல்லாமல் துடைப்பதும் திருட்டுத்தான். மூன்றாவது, டைம் அவுட் ஆனதும் அடுத்த ஷெட்டுக்குப் போகாமல் பீப் அடித்து அதே ஷெட்டைத் திரும்பக் கேட்கிறேன். கேள்வி ஒன்றில் இருக்க, விரல் இன்னொன்றில் இருந்தால் கணக்கு சரிந்துகொண்டே போகும். கதவில் எழுதிய வரம்பையும் ஒரு பட்டியலாகச் சேர்த்திருக்கிறேன். அதைத் தாண்டினால் "நிஜமாகவா?" என்று கேட்கும், ஆனால் மறுக்காது. நிஜமாகவே வரம்பைத் தாண்டி ஆள் உட்கார்ந்திருந்தால் அது கோப்பில் பதிவாகத்தான் வேண்டும். முதலாளிக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வரியை எடுக்கச் சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

இனி காகிதக் கோடவுன் எடை மேடைக்கு நீ எழுதிய நிரல். அங்கேயும் இதே நோய்தான், வேறு உடம்பில். தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை ஒரு வரியாக வருகிறது. பைசீரியலில் ஒரு நொடி டைம் அவுட் வைத்து ரீட்லைன் கூப்பிடுகிறாய். அந்த ஒரு நொடிக்குள் வரி முடியாவிட்டால், அதுவரை வந்த எழுத்துகளை அப்படியே கையில் கொடுத்துவிடும், குறை சொல்லாது. 127.50 கிலோ வந்துகொண்டிருக்கும்போது பாதியில் நேரம் முடிந்தால் உனக்குக் கிடைப்பது 12. பன்னிரண்டும் எண்தான், மாற்றிப் பார்த்தால் பிழை வராது, ரீல் ஒன்று பன்னிரண்டு கிலோவாகக் கணக்கில் ஏறிவிடும். மிச்சமிருந்த 7.50 அடுத்த ரீலின் எடையாக வந்து உட்காரும். எடைக் கணக்குக்காகக் காகிதக்காரரோடு நீ போட்ட சண்டைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மனுஷனிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிடு.

இதற்கு வழி எளிது: வரியின் கடைசியில் வரிமுறிவு இல்லையென்றால் அது எடை இல்லை. வந்ததைப் பத்திரமாக ஒரு பையில் வைத்துக்கொள், அடுத்து வருவதை அதோடு ஒட்டு, வரிமுறிவு வந்த பிறகு எடுத்துப் படி. தராசை அப்போதுதான் போட்டாய் என்றால் முதலில் வருகிற வரியை வீசிவிடு, அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது.

எடையைப் படிக்கிற நிரலிலிருந்து பதிவு நிரலுக்குப் பைப் வழியாக அனுப்புகிறாயே, அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. கையால் அடித்துச் சோதித்தால் ஒழுங்காக ஓடுகிறது, பைப் வழியாக விட்டால் சில வரிகள் தாமதமாக வருகின்றன என்றாய். டெர்மினல் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தரும். பைப் அப்படி இல்லை, இருப்பதை எல்லாம் மொத்தமாகத் தரும். ஐந்து வரி வந்திருந்தால் பைத்தான் ஐந்தையும் தன் இடையகத்துக்குள் இழுத்துக்கொண்டு உனக்கு ஒன்றை மட்டும் கொடுக்கும். அடுத்து நீ செலக்ட் போட்டு "ஏதாவது இருக்கிறதா" என்று கர்னலிடம் கேட்டால், பைப் காலி, அது இல்லை என்றுதான் சொல்லும். மிச்ச நான்கு வரியும் உன் மடியிலேயே இருக்கும். செலக்ட் பயன்படுத்தினால் ரீட்லைனைக் கலக்காதே. ஓஎஸ் ரீட் போட்டு நேராக எடுத்து, வரி பிரிப்பதை நீயே செய். விண்டோஸ் கணினியில் இந்தச் செலக்ட் சாக்கெட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், அலாரம் சிக்னலும் அங்கே கிடையாது. டாலி ஓடுகிற அந்தக் கணினிக்கு இதை மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு.

நீ நடுவில் எழுதிப் பார்த்துக் கைவிட்ட அலாரம் வடிவத்தையும் பார்த்தேன். "நேரமாச்சு என்று திரையில் வருகிறது, ஆனால் நிரல் நகரவே மாட்டேன் என்கிறது, பைத்தானில் பக்" என்று எழுதியிருந்தாய். பக் இல்லை. நீ பைத்தான் 2 காலத்து உதாரணத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட தகராறு இருக்கிறது, கேள்.

ஒரு நிரல் உள்ளீட்டுக்காகக் கர்னலுக்குள் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் என்ன செய்வது? யூனிக்ஸ் முதலில் எடுத்த வழி, காத்திருப்பை நிறுத்திவிட்டு "குறுக்கிட்டார்கள்" என்று ஒரு பிழை எண்ணைத் தருவது. லினக்ஸில் அதன் எண் 4. திரும்ப முயல்வது உன் பாடு. ரிச்சர்ட் கேப்ரியல் என்ற லிஸ்ப் நிபுணர் 1991இல் வெளியான கட்டுரையில் இதையே ஒரு கதையாகச் சொல்கிறார். எம்ஐடி ஆள் ஒருவர், குறுக்கீட்டைக் கணினியே சுத்தமாகச் சமாளிக்க வேண்டும் என்கிறார். பெர்க்லியிலிருந்து வந்த யூனிக்ஸ் ஆள், பிழை எண் தந்தால் போதும், நிரல் எழுதுகிறவன் பார்த்துக்கொள்வான் என்கிறார். எளிமையாகச் செய்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது, சுமை நம் தலையில் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் அதே பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி 1983இலேயே சில அழைப்புகளைத் தானாகத் திரும்பத் தொடங்கிவிட்டது. இன்றுவரை லினக்ஸில் ரீடைத் தானாகத் தொடரச் சொல்லலாம், செலக்டைச் சொல்ல முடியாது. அது எப்போதும் அந்த 4ஐத்தான் தரும்.

ஸ்கிரிப்ட் மொழிகள் ஆளுக்கொரு முடிவெடுத்தன. பெர்ல் 2002இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து, சிக்னல் வந்த கணத்திலேயே அதற்கென்று நாம் எழுதிய கையாளியை ஓட்டாமல் பாதுகாப்பான இடம் வரும்வரை தள்ளிப்போடுகிறது. காத்திருப்பிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் கையாளிக்குள் 'டை' சொல்லியாக வேண்டும், அதை வெளியே 'இவால்' பிடிக்கும். பைத்தான் 2015இல் வந்த 3.5 பதிப்பில் அதே பாதைக்கு வந்தது. பெப் 475 என்ற முன்மொழிவு அது. சார்ல் பிரான்சுவா நத்தாலியும் விக்டர் ஸ்டின்னரும் எழுதியது. அதன்படி சிக்னல் வந்தால் உன் கையாளி ஓடும். அது சாதாரணமாக முடிந்தால், ஒன்றும் நடக்காதது மாதிரி பைத்தான் மறுபடி காத்திருக்கப் போய்விடும். கையாளி ஒரு விதிவிலக்கை எழுப்பினால் மட்டுமே காத்திருப்பு கலையும். உன் கையாளி "நேரமாச்சு" என்று அச்சடித்துவிட்டு நல்ல பிள்ளையாக முடிந்துபோகிறது, பைத்தானும் நல்ல பிள்ளையாகத் திரும்பக் காத்திருக்கிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்தே இருக்கிறது. ஜன்னலைப் பெரிதாக்கினால்கூட ஒரு சிக்னல் வரும், அதற்கெல்லாம் நிரல் விழுந்த காலம் போய்விட்டது.

அலாரம் வழியே வேண்டுமென்றால், பதில் வந்ததும் அலாரத்தை 0 போட்டு நிறுத்து, அதையும் ஃபைனலி பகுதிக்குள் எழுது. இல்லாவிட்டால் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்து, பாதி வரியோடு வெளியே வந்துவிடும். நான் திருத்தியதில் அலாரம் இல்லை, செலக்ட்தான்.

நேரத்தைப் பற்றி ஒன்று. மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் முழு 30 நொடி என்று வைக்காதே. ஒரு கெடு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கழித்துப் பார். அதற்கு டைம் டாட் டைம் வேண்டாம், மோனோடோனிக் எடு. கேட் ஆபீஸ் கணினியின் மதர்போர்டு செல் போய் வருஷக்கணக்காகிறது. கரண்ட் போய் வந்தால் பழைய தேதியில் எழுந்து, நெட் கிடைத்ததும் கடிகாரம் ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவலில் உன் 30 நொடி ஒரு நொடியில் முடிந்துவிடும். 30 நொடியே மனுஷனுக்குக் குறைவு, தம்பி. தராசுக்கு இரண்டு நொடி போதும். லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிற கணக்குப்பிள்ளைக்கு ஐந்து நிமிஷமாவது கொடு.

ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் "பதில் இல்லை" என்றும் நேரத்தையும் எழுதுகிறது புது நிரல். காலையில் வந்த எண்ணைக் கொண்டுவந்து நிரப்பும் ஆசை வரும். வேண்டாம், வேண்டுமானால் "காலைக் கணக்கு" என்ற பெயரோடு தனிப் பத்தியில் காட்டு. மொத்தமும் வெறும் 86 என்று வராது. "86, இரண்டு ஷெட் தெரியவில்லை" என்று வரும். ஒவ்வொரு வரியும் வந்தவுடனே டிஸ்கில் இறங்கிவிடும், கடைசியில் மொத்தமாக எழுதுவதில்லை.

சோதித்துப் பார்க்கிற விதம் சொல்கிறேன். பாதி எண் அடித்துவிட்டு எழுந்து போ. வெறும் என்டர் தட்டு. கன்ட்ரோல் டி தட்டு. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கு. தராசு கேபிளை எடை வந்துகொண்டிருக்கும்போதே பிடுங்கு. ஒவ்வொன்றுக்கும் கோப்பில் என்ன விழுந்தது என்று எனக்கு அனுப்பு, சரியாக ஓடுகிறது என்ற ஒற்றை வரி வேண்டாம். கேட்டில் தொங்குகிற ஆள் கணக்கு நோட்டை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க விடாதே. கரண்ட் இல்லாதபோது அது ஒன்றுதான் பேசும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாத்தூர் டாக்டரிடம் போகச் சொன்னேன், போனாளா இல்லையா என்று நீதான் உண்மையைச் சொல்ல வேண்டும், அவளிடம் கேட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்பாள். மதினிக்கு என் அன்பைச் சொல். பொங்கலுக்கு வருகிறோம், உன் மாமாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. இங்கிருந்து பழைய தின்க்பேட் ஒன்று கொண்டுவருகிறேன், செல் நன்றாக இருக்கிறது. நீ பதிலுக்குக் காரச் சேவு வாங்கி வை, சாத்தூரில் வாங்கு, சிவகாசியில் வாங்கிவிட்டு ஏமாற்றாதே.

அன்புடன்,
அக்கா